வழி தவறும் இளைஞரும் நம் கூட்டுறவுச் சங்கமும்

(உறுப்பினர் கல்விப் பாடம்)

கூட்டுறவுச் சங்கம் என்றதும் கடன், நூல், உரம், சரக்கு விற்பனை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. ஆண்டு இறுதியில் ஐந்தொகையைப் படித்து, இலாப நட்டம் கேட்டு, பங்கு ஈவு எவ்வளவு என்று அறிந்துகொண்டு வீடு திரும்புகின்றோம். ஆனால் நெசவாளர், விவசாயிகள் ஆகிய நம் அனைவருக்கும் பொதுவான சொத்து ஒன்றுண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளே அச்சொத்து. அவர்களுள் ஒருவன் கெட்டுப் போனால் அந்த நட்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. தந்தை வாங்கிய கடன் தவணை தவறும்போதும், தறி சும்மா கிடக்கும்போதும், வாழைத் தோட்டம் கவனிப்பாரின்றி அழியும்போதும் மட்டுமே அது நமக்குத் தெரிய வருகின்றது.

அருமனை வட்டாரத்தின் வாழ்க்கை முறையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ரப்பர் பால்வெட்டுக்குச் செல்வோர் பொழுது புலருமுன் வீட்டை விட்டுப் புறப்படுகின்றனர். பிழைப்பிற்காகக் கடல் கடந்து சென்ற தந்தையர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை விருந்தினர் போல் வந்து போகின்றனர். தாய் ஒருத்தியே வீட்டையும் தோட்டத்தையும் பிள்ளைகளையும் தாங்குகின்றாள். இந்நிலையில் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் மாலையில் எங்கே போகின்றான், யாருடன் இருக்கின்றான் என்று கேட்பார் இல்லை. முன்னாளில் அவன் கெடுவதற்குக் கள்ளுக்கடை வரை நடந்து செல்ல வேண்டியிருந்தது. இன்று சூதாட்டம் அவன் சட்டைப்பையிலுள்ள கைப்பேசிக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டது. இணையச் சூதாட்டத்தைத் தடுப்பதற்கென்று 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்ற நேர்ந்தது என்றால், இத்தீமை எவ்வளவு பரவியது என்பதை நாம் உணரலாம். சட்டம் கடையை மூடும். பையனுடன் உட்கார்ந்து பேசாது. அப்பணியைச் செய்ய வேண்டியவர் ஊரிலுள்ள மூத்தோரே. அதனை எவ்வாறு செய்வது என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

பள்ளியிலிருந்து நின்றவர், நிற்கும் நிலையில் உள்ளவர், குடிப்பழக்கம் உள்ள வீட்டில் வளர்பவர், பெற்றோரை இழந்தவர், அடிக்கடி சண்டையிடுபவர், யாருடனும் பேசாது ஒதுங்கிக் கிடப்பவர் ஆகியோரையே இங்குக் கருதுகிறோம். இளைஞர் என்னும்போது ஆண், பெண் இருபாலாரும் அடங்குவர். பையன் தெருவில் சண்டையிட்டால் ஊர் அறிகின்றது. பெண் வீட்டினுள் வாடினால் யாரும் அறிவதில்லை. ஆதலால் பெண் பிள்ளைகள்பால் கூடுதல் கவனம் தேவை.

இவர்களைக் ‘கெட்டுப்போனவர்கள்’ என்று குறிப்பிடுதல் தகாது. இவர்கள் இடருக்கு உள்ளாகக்கூடிய நிலையில் இருப்பவர்களே அன்றிக் குற்றவாளிகள் அல்லர். ஒரு முறை ஊர் வாயில் பெயர் கெட்டுவிட்டால், அப்பெயருக்கு ஏற்றவாறே நடந்துகொள்ளப் பிள்ளை பழகிவிடுவான்.

2. கற்க வேண்டிய ஐந்து திறன்கள்

எழுத்தும் கணக்கும் பள்ளியில் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் கோபம் வந்தபோது என்ன செய்வது, தோல்வியை எவ்வாறு தாங்குவது, நண்பன் தீய வழிக்கு அழைத்தால் எப்படி மறுப்பது என்பவற்றையும் கற்றுத்தான் ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் இத்தகைய வாழ்க்கைத் திறன்கள் பத்தினை வகுத்துப் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது. கல்வியாளர் சிலர் இவற்றை ஐந்தாகச் சுருக்குவர்.

முதலாவது, தன் மனநிலையைத் தானே அறிதல். இரண்டாவது, கோபம், ஆசை, அச்சம் ஆகியவற்றை அடக்கி ஆளுதல். மூன்றாவது, பிறர் நிலையை உணர்தல். நான்காவது, உறவைப் பேணுதல்; பிணக்கு வந்தால் பேசித் தீர்த்தல். ஐந்தாவது, விளைவை எண்ணிப் பொறுப்புடன் முடிவெடுத்தல்.

இவை நமக்குப் புதியன அல்ல. வெகுளாமை, பொறையுடைமை, இனியவை கூறல் என்று திருவள்ளுவர் தனித்தனி அதிகாரங்களே வகுத்துள்ளார். ஆயினும் அதிகாரத்தை மனப்பாடம் செய்த மாணவன் பள்ளி வாயிலிலேயே சண்டையிடுவதையும் நாம் காண்கிறோம். ஏனெனில் இத்திறன்கள் நீந்துதல் போன்றவை. தண்ணீரில் இறங்காமல் நீந்தக் கற்றவர் இல்லை. பிறருடன் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போதுதான் இவை படிகின்றன.

3. மார்த்தாண்டம் காட்டிய வழி

வேலையின் மூலம் மனிதரை உருவாக்கும் முயற்சி நம் அண்டை ஊரிலேயே நடந்தது. அருமனைக்குச் சில மைல் தொலைவிலுள்ள மார்த்தாண்டத்தில், திருவிதாங்கூர் அரசின் காலத்தில், 1920-களில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் (ஒய்.எம்.சி.ஏ.) கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றை நிறுவினர். அச்சங்கத்தின் தேசியப் பொதுச் செயலாளர் பொறுப்பை வகித்த முதல் இந்தியரான கே. டி. பால் கிராமப் பணியில் பெரும் நாட்டம் கொண்டவர். நிலையத்தை முன்னின்று நடத்தியவர் அமெரிக்கரான டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச்.

அந்நிலையத்தில் உயர்ந்த இனக் காளைகளும் ஆடுகளும் இருந்தன. முட்டைக் கோழிகள், மாதிரித் தேன்பெட்டிகள், விதைச் செய்முறை வயல்கள், நெசவுக் கொட்டகை ஆகியவையும் இருந்தன. ஆன்மா, அறிவு, உடல், பொருளாதாரம், சமுதாயம் என்னும் ஐந்து பக்கங்களிலும் மனிதன் வளர வேண்டும் என்பதே அதன் திட்டம். நிபுணரின் நெருங்கிய ஆலோசனையுடன் தன்னுதவி என்பதே அதன் முறை.

நாம் கூர்ந்து நோக்க வேண்டியது வேறொன்று. முட்டை விற்பனைச் சங்கம், தேன் குழு, காளைக் குழு, நெசவாளர் குழு ஆகிய ஒவ்வொன்றையும் கிராமத்தார் தாமே நடத்தினர். கூட்டம் கூட்டுவதும் முடிவெடுப்பதும் அவர்கள் பொறுப்பாகவே விடப்பட்டன. புனரமைப்பின் அச்சாணி மனிதனே என்று ஹாட்ச் வற்புறுத்தினார். முட்டை விற்பனைச் சங்கம் அவற்றுள் பெரும் வெற்றி பெற்றது. அதன் உட்பொருளைச் சிந்தியுங்கள். கூடையில் ஒருவர் பழைய முட்டையைக் கலந்தால் சங்கத்தார் அனைவரின் பெயரும் கெடும். நேர்மை என்பது தன் சொந்த விஷயம் மட்டுமன்று என்பதை ஓர் இளைஞனுக்கு இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கம் உணர்த்தும்?

அந்நிலையத்தின் குறையையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. போதிய பணமும் அரசின் துணையும் அதற்குக் கிடைக்கவில்லை. அன்றியும், ஊழியர் கிராமங்களில் தங்காது நகர்ப்புறத்தில் இருந்தமையால் பணி ஓர் எல்லைக்குள் நின்றுவிட்டது என்று கிராம வளர்ச்சித் துறையின் வரலாற்றைப் படித்தோர் கூறுவர். வந்து போகும் துணையைவிட, கூடவே வாழும் துணையே பயன் தரும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

4. தொழிலே ஆசிரியர்

நம் வட்டாரத் தொழில்கள் ஒவ்வொன்றும் ஒரு திறனைக் கற்பிக்க வல்லவை.

தேனீ வளர்ப்பை எடுத்துக்கொள்வோம். பெட்டியின் வாசலுக்கு நேரே நிற்றல் கூடாது. பக்கத்தில் நின்று, சிறிது புகை காட்டி, சட்டத்தை மெல்ல நேராகத் தூக்க வேண்டும். பதறிக் கையை வீசினால் கொட்டும். ஒரு தேனீ நசுங்கினாலும் அதிலிருந்து எழும் வாசனை மற்றத் தேனீக்களைச் சினமூட்டும். ஆகவே கோபத்துடன் வருபவன் பெட்டியைத் திறக்க இயலாது. “மூச்சை விட்டு நிதானமாக நில்” என்று பெரியவர் சொல்லும்போது, அது பெட்டிக்காகச் சொன்ன சொல்லாகவே பையனுக்குத் தோன்றும். ஆனால் அவன் பழகுவது சினத்தை ஆளும் பழக்கமே. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் ஆண்டின் முதல் மாதங்களில் தேன் வரத்து மிகுதி. அக்காலத்திற்காக மற்ற மாதங்களெல்லாம் பெட்டியைக் காத்து வருதல் பொறுமையின் பயிற்சி. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் பரவிய புழு நோயினால் தென்னிந்தியாவெங்கும் தேனீக் கூட்டங்கள் ஏராளமாக மடிந்தன. நம் மாவட்டத்தாரும் பெட்டிகளை இழந்து, பின்னர் எஞ்சிய கூட்டங்களைக் கொண்டு தொழிலை மீண்டும் வளர்த்தனர். அக்கதையை அனுபவித்தவர் வாயால் கேட்கும் இளைஞன், இழப்பு என்பது முடிவன்று என்பதை அறிவான்.

தறியும் அத்தகையதே. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அதனை முடிந்து, விழுதிலும் அச்சிலும் கோத்த பின்பே மேலே நெய்ய வேண்டும். பாராதது போல் ஓட்டினால் குறை துணியின் நீளமெல்லாம் தொடரும். உறவில் விழுந்த முறிவும் இவ்வாறே உடனே முடியப்பட வேண்டியது. பாவினை நீட்டிக் கஞ்சி போடும் வேளையில் பலர் கை ஒருங்கே இயங்க வேண்டும். ஒருவர் பாதியில் போனாலும் வேலை கெடும். தன் வருகையை எதிர்பார்த்துப் பிறர் காத்திருக்கின்றனர் என்னும் உணர்வு, எவருக்கும் வேண்டாதவன் என்று தன்னை எண்ணியிருந்த பையனுக்கு மருந்தாகும்.

உடல் வலிமையைக் காட்ட விரும்பும் இளைஞர்க்கு நம் பகுதியின் அடிமுறைக் களரி உண்டு. அடிமுறை பயின்றவனுக்கு வர்மத்தின் நுட்பங்களை ஆசான் உடனே சொல்லிவிடுவதில்லை. சீடனின் குணத்தையும் பொறுமையையும் நெடுநாள் கண்டறிந்த பின்பே சொல்வது மரபு. வலிமை தரப்படுவதற்கு முன் அடக்கம் சோதிக்கப்பட்டது. நம் முன்னோர் கண்ட இந்த ஆசான் முறையே இன்று நாம் பேசும் வழித்துணைக்கு மூலம் எனலாம்.

விழாக்களையும் மறத்தல் ஆகாது. அருமனையின் கிறிஸ்துமஸ் விழா பெயர் பெற்றது. கோயில் கொடை, ஓணம், பொங்கல் ஆகியனவும் நம் ஊர்களில் உண்டு. பந்தல், தண்ணீர், வண்டி நிறுத்தம், முதியோர்க்கு வழிகாட்டல் ஆகிய பொறுப்புகளுள் ஒன்றை இளைஞரிடம் முழுமையாக ஒப்படைத்தால், பல சமயத்தாருடனும் இணங்கிப் பணியாற்றும் பழக்கம் ஏற்படும்.

5. பிற நாட்டு அனுபவம்

மூத்தவர் ஒருவர் இளைஞர் ஒருவருக்குத் துணையாக நிற்பதால் உண்மையில் பயன் உண்டா என்று ஐயுறுவோர் உளர். இதனை அமெரிக்காவில் முறையாக ஆராய்ந்துள்ளனர். அங்கு 1904-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் தொடங்கிய ‘மூத்த அண்ணன்’ இயக்கம், நீதிமன்றத்திற்கு வந்த சிறுவர்க்கு நல்லோர் ஒவ்வொருவரைத் துணையாக அமர்த்தியது. அதன் வழிவந்த அமைப்பில் 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பேரை இரு பகுதியாகப் பிரித்து ஆராய்ந்த முடிவு 1995-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர்க்கு உடனே துணைவர் அளிக்கப்பட்டனர். மறு பகுதியினர் காத்திருந்தனர். பதினெட்டு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, துணை பெற்றோர் போதைப்பொருளைப் புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு 46 விழுக்காடும், மதுவைத் தொடங்கும் வாய்ப்பு 27 விழுக்காடும் குறைந்திருந்தன. துணைவர்கள் செய்தது என்ன? மாதத்தில் ஏறத்தாழ மூன்று முறை சந்தித்துச் சில மணி நேரம் உடனிருந்தனர், அவ்வளவே.

நிற்க. அதே ஆய்வின் விவரங்களை மேலும் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு நாம் மனத்திற் பதிக்க வேண்டியது. ஓராண்டும் அதற்கு மேலும் நிலைத்த துணையே மிகுந்த நன்மை தந்தது. மூன்று மாதத்திற்குள் முறிந்த துணையோ, அப்பிள்ளையின் தன்மதிப்பை முன்னிருந்ததினும் தாழ்த்திவிட்டது. முன்பே ஒருவரால் கைவிடப்பட்ட பிள்ளையை இரண்டாம் முறையும் கைவிடுவது அன்றோ அது? ஆதலால் ஓராண்டு நிற்க இயலாதவர் இப்பணியைத் தொடங்காதிருத்தலே நலம்.

இன்னொரு பாடமும் உண்டு. 1939-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 506 சிறுவரைக் கொண்டு ஒரு பெருமுயற்சி தொடங்கியது. அவருள் ஒரு பாதியினர்க்கு ஆலோசனையும் உதவியும் கோடை முகாமும் அளிக்கப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து 1978-இல் முடிவை வெளியிட்டபோது, உதவி பெற்றோர் பெறாதாரைவிடச் சில வகைகளில் தாழ்ந்த நிலையிலேயே இருந்தது கண்டு அறிஞர் திகைத்தனர். மேலும் ஆராய்ந்ததில், முகாம்களுக்கு மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டோரிடமே தீமை மிகுந்திருந்தது. ஒரே வகைச் சிறுவர் ஒன்றுகூடும்போது ஒருவர் செய்த குறும்பை மற்றவர் மெச்சி வளர்த்ததே காரணம் என்று 1999-இல் ஆய்வாளர் விளக்கினர். வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடலை 45-ஆம் அதிகாரமாகவும், சிற்றினம் சேராமையை 46-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். அரசனுக்குக் கூறியதாயினும், அம்முறை வைப்பு இங்கும் பொருந்துகின்றது. வழி தவறியவர்களை மட்டும் தனியே திரட்டி முகாம் நடத்துதல் கூடாது. நல்ல முறையில் இயங்கும் குழுவில் அவர்களை ஓரிருவராகச் சேர்த்தல் வேண்டும்.

6. சங்கம் செய்யத்தக்கவை

1844-இல் ராச்டேல் நெசவாளர் முதலானோர் தொடங்கிய சங்கம், தன் உபரியில் 2½ விழுக்காட்டைக் கல்விக்கென ஒதுக்கும் வழக்கத்தை மேற்கொண்டது. 1995-இல் மான்செஸ்டர் நகரில் உலகக் கூட்டுறவாளர் ஏற்ற ஏழு கோட்பாடுகளுள் ஐந்தாவது கல்வி. ஏழாவது சமுதாய நலனில் அக்கறை. எனவே இப்பணி நம் கடமைக்குப் புறம்பானதன்று. இதற்குப் பெரும் பொருளும் வேண்டுவதில்லை.

முதலில், நிர்வாகக் குழு ஐந்து அல்லது ஆறு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கட்டும். பேச்சு வன்மையைவிடச் சொன்ன நேரத்தில் வரும் பழக்கமே இதற்குத் தகுதி. குடியாதவராகவும் ஊரிலேயே வாழ்பவராகவும் இருத்தல் வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் உறுப்பினரே துணைவராதல் நலம்.

இரண்டாவதாக, ஒருவர்க்கு ஓர் இளைஞர் என்று பெற்றோர் சம்மதத்துடன் இணைக்கலாம். வாரத்தில் குறித்த ஒரு நாள், குறித்த ஒரு மணி நேரம், ஓராண்டுக் காலம் என்பது உடன்பாடு.

மூன்றாவதாக, ஒவ்வொருவரையும் நடந்துவரும் ஒரு வேலையில் சேர்க்க வேண்டும். தேன்பெட்டி, காய்கறித் தோட்டம், தறி, நூலகம், விளையாட்டுக் குழு ஆகியவற்றுள் அவர் விரும்பியது எதுவாயினும் சரி. சிறு குழுவாக இருந்தால் வரவு செலவையும் கூட்டக் குறிப்பேட்டையும் இளைஞரே முறை வைத்து எழுதட்டும். தாமே எழுதிய கணக்கைத் தாமே படித்துக் காட்டும்போது பொறுப்பு உணர்ச்சி தானாகப் பிறக்கும்.

நான்காவதாக, துணைவர் குறைவாகப் பேசி மிகுதியாகக் கேட்க வேண்டும். ஒரு வாரம் வராதவனைப் பார்த்து “எங்கே ஊர் சுற்றினாய்?” என்று வினவினால் அடுத்த வாரமும் வரான். “போன ஞாயிற்றுக்கிழமை உன்னெக் காணல்லியே மக்களே; இந்த வாரம் பெட்டி ரெண்டையும் நாம சேர்ந்து திறக்கணும்” என்று நம் ஊர்ப் பேச்சில் அன்பாகச் சொன்னால், தன்னைத் தேடினார்கள் என்பதை அறிந்து வருவான். காரணத்தையும் பின்னர் தானே சொல்வான்.

ஐந்தாவதாக, துணைவர்கள் மாதம் ஒரு முறை கூடித் தம் அனுபவங்களைப் பேசி ஒருவருக்கொருவர் ஆலோசனை பெறுதல் வேண்டும். இளைஞர் நம்பிக்கையுடன் சொன்ன வீட்டு விஷயங்கள் அக்கூட்டத்திலும் தேவைக்கு மேல் வெளிப்படலாகாது.

7. சில எச்சரிக்கைகள்

பயிற்சி என்ற பெயரால் கூலியில்லா வேலை வாங்குதல் பெரும் பாவம். சட்ட விரோதமும் ஆகும். 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு அமர்த்தலாகாது. 18 வயது நிரம்பாதவரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தலாகாது. படிப்பை நிறுத்துவது அன்று, திரும்பப் பள்ளியில் சேர்ப்பதே நம் நோக்கம்.

சந்திப்பு எப்போதும் பிறர் கண்ணில் படும் பொது இடத்தில் நடைபெற வேண்டும். பணம் கடன் கொடுத்தலும் வாங்கலும் வேண்டா. பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ கொடுமை நிகழ்கின்றது எனத் தெரிந்தால், நாமே பஞ்சாயத்துப் பேசி மூடிவிடலாகாது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும். உறக்கமின்மை, தற்கொலைப் பேச்சு, போதைக்கு அடிமையாதல் ஆகியன துணைவரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை. அவற்றிற்கு மருத்துவரை நாட வேண்டும். 14416 என்னும் எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கின்றது.

ஓராண்டில் எல்லாரும் திருந்திவிடுவர் என்று எதிர்பார்த்தலும் தவறு. சிலர் இரண்டு அடி முன்வந்து ஓரடி பின்செல்வர். அப்போது துணைவர் சலிப்புற்று விலகாதிருத்தலே அவர் கற்பிக்கும் பாடங்களுள் தலையாயது. கடனைத் தவணை தவறாது கட்டும் உறுப்பினரைச் சங்கம் மதிக்கின்றது. இளைஞனுக்குக் கொடுத்த வாரம் ஒரு மணி நேரத்தையும் அவ்வாறே தவணை தவறாது செலுத்துவோமாக.

படிப்பு வட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்:

1. நம் சங்க எல்லைக்குள் பள்ளியை விட்டு நின்ற இளைஞர் எத்தனை பேர்? அவர்களுடன் வாரம் ஒரு முறையேனும் பேசும் பெரியவர் உளரா?

2. மார்த்தாண்டத்தின் குழுக்களைக் கிராமத்தாரே நடத்தியதால் விளைந்த நன்மை யாது?

3. வழி தவறிய இளைஞரை மட்டும் ஒன்றாகத் திரட்டுதல் ஏன் தீது?

4. உம் தொழிலில் எந்த வேலை பொறுமையைக் கற்பிக்கின்றது? எது பிறருடன் இணங்குதலைக் கற்பிக்கின்றது?

5. இன்று முதல் ஓராண்டுக் காலம், வாரம் ஒரு மணி நேரம் தர இயலுமா? இயலுமெனில் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திற்கு முன் உம் பெயரைச் செயலாளரிடம் பதிவு செய்க.